பயிற்சி நடந்த நிலத்தருகே குடியேறும்போது

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பல குடும்பங்கள், கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியுள்ளன. உங்கள் காணியிலோ அயலிலோ சூட்டுப் பயிற்சி நடந்திருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

நிலம்: வெடிக்காத குண்டு பழைய இரும்புபோலத் தெரியும். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். பற்றைகளுக்கு நெருப்பு வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். கண்டால், வந்த வழியே திரும்பிப் பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

மண்: ரவைகளின் ஈயம் மண்ணில் தங்கும். ரவைகள் கிடக்கும் இடத்தில் கீரை, கிழங்கு நடவேண்டாம்.

கிணறு: சுண்ணக்கல் நிலத்தில் மாசு விரைவாக நீரில் கலக்கும். கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, நீரைப் பரிசோதித்த பின்பே குடியுங்கள்.

முகாம்: பயிற்சி தொடர்ந்தால் தனியே போய் வாதாடாதீர்கள். அயலவர் ஒன்றுகூடி, பயிற்சி நாட்களையும் எல்லையையும் அறிவிக்கும்படி பிரதேச செயலாளர் ஊடாக எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியைக் காணி உறுதியோடு பத்திரப்படுத்துங்கள்.