ஆடும் உடலை வரைவது பற்றி நாம் நம்புபவை

சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலில் 108 கரணங்கள் நாட்டிய சாஸ்திர வரிகளோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. உடலின் அசைவை வரையப் பழகுவோருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கடலூர் மாவட்டத்தில் இல்லை. இருந்தும், நம் பிள்ளைகளின் ஓவியப் போட்டித் தாள்களில் ஆடும் பெண் மரப்பாச்சியாகவே நிற்கிறாள்.

முதலில் வெளிக்கோட்டைச் சுத்தமாகப் போட வேண்டும் என்கிறோம். வண்ணம் தீட்டும் புத்தகங்கள் ஊட்டிய பழக்கம் இது. ஆனால் உடலை நிறுத்துவது எடை. ஒற்றைக் காலில் நிற்பவரின் கழுத்துக் குழியிலிருந்து தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டதாக எண்ணிப் பாருங்கள். அது ஊன்றிய பாதத்தை ஒட்டி இறங்கினால் உருவம் நிற்கும். வெகுவாக விலகினால் சாயும், அல்லது அடுத்த அடிக்கு நகர்ந்துகொண்டிருக்கும். இயல்பாக ஒரு காலில் சாய்ந்து நிற்கும்போது, ஊன்றிய பக்கம் இடுப்பு ஏறும், தோள் இறங்கும். இந்தச் சாய்வுகளையும் தலைமுதல் பாதம்வரை ஓடும் வளைவையும் போட்ட பிறகே வெளிக்கோட்டுக்கு வேலை.

கரணம் என்றால் உறைந்த ‘போஸ்’ என்பது அடுத்த நம்பிக்கை. கல்லில் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. கையும் காலும் இசைந்து இயங்குவதையே நாட்டிய சாஸ்திரம் கரணம் என்கிறது. நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியமும் தம் ஆய்வில் கரணங்களை அசைவுகளாகவே மீட்டெடுத்தார். சிற்பி அந்த ஓட்டத்தில் ஒரு கணத்தைப் பிடித்திருக்கிறார். இதற்கு முந்தைய கணம் எது, அடுத்தது எது என்று கேட்காமல் படியெடுப்பவருக்குக் கல்தான் கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது.

விரைவாக வரைவது கிறுக்கல் என்ற எண்ணம்தான் அதிகச் சேதம் செய்கிறது. போட்டிகளில் அழகாக ஷேடிங் செய்த தாளுக்கே பரிசு போவதால் இது அசையாமல் நிற்கிறது. அரை நிமிடத்தில் வரைபவருக்குக் கண்ணிமை வரைய நேரமில்லை. எடை எங்கே விழுகிறது என்று பார்த்தே தீர வேண்டும். அந்தப் பயிற்சி கிடைக்காத பிள்ளைதான் ‘எனக்கு மனித உருவம் வராது’ என்று பென்சிலைக் கீழே வைக்கிறது. நாமும் ‘கைராசி இல்லை’ என்று ஒத்து ஊதுகிறோம்.

கைப்பேசிப் படம் போதும் என்பார்கள். நெருங்கி எடுத்த படத்தில் முன்நீட்டிய கை பூதாகரமாகும். படியெடுப்பவர் அதையும் நம்பி வரைவார். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்கு வரைந்த ஓவியர் சில்பி, கோயில்களுக்கே போய் உட்கார்ந்து வரைந்தவர்.

சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடன விழா நடக்கிறது. அடுத்த முறை போகும்போது, பிள்ளைகள் கையில் நோட்டும் பென்சிலும் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். ரப்பர் வேண்டாம்.