நீரிழிவும் கிழங்கு உணவும்

வேதாரண்யம் வட்டாரத்தின் மணற்பாங்கான கொல்லைகள் சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகளுக்கு ஏற்றவை. தைப்பொங்கலன்று சேனை, சேம்பு, வள்ளி முதலியன சேராத குழம்பு தஞ்சைத் தரணியில் அரிது. ஆயினும், நீரிழிவு கண்டவர் கிழங்கை அறவே விலக்க வேண்டும் என்பாரும், கிழங்கும் காய்கறியே ஆதலின் வேண்டிய மட்டும் உண்ணலாம் என்பாரும் உளர். இவ்விரு கொள்கைகளும் பொருந்தா. 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 100-க்குச் சுமார் 14 பேருக்கு இந்நோய் உண்டு. ஆதலின் இதனை யாவரும் தெளிந்துகொள்ளுதல் நலம்.

காரணம்.— கிழங்கில் மிகுந்துள்ளது அரிசியில் உள்ளது போன்ற மாவுச்சத்தே. அது குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கின்றது. இலை நிறையச் சோறிட்டு, அதற்குத் தொடுகறியாகக் கிழங்கு வறுவலையும் உண்பவர் ஒரே வேளையில் இருமடி மாவுச்சத்தை ஏற்கின்றனர். எனவே கிழங்கைக் கறியின் கணக்கில் வையாது, சோற்றின் கணக்கில் வைத்தல் வேண்டும்.

அளவு.— 50 கிராம் அரிசியில் உள்ள மாவுச்சத்து, பச்சைக் கிழங்கின் எடையில் பின்வருமாறு அமையும்:

மரவள்ளி – சுமார் 100 கிராம்
சர்க்கரைவள்ளி – சுமார் 140 கிராம்
உருளைக்கிழங்கு – சுமார் 170 கிராம்
சேப்பங்கிழங்கு – சுமார் 185 கிராம்
சேனை – சுமார் 210 கிராம்

கிழங்கு சமைக்கும் நாளில் அதற்கு ஈடான அரிசியைக் குறைத்து உலையிலிடுக.

சமைக்கும் முறை.— ஜமெய்க்காத் தீவில் விளைந்த பத்து வகைச் சர்க்கரைவள்ளிகளைச் சோதித்து 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவில், அவித்த கிழங்கு சர்க்கரையை மெதுவாகவும், சுட்ட கிழங்கு விரைவாகவும் ஏற்றுவதாகக் கண்டனர். ஆகவே அவித்தலே சிறந்தது. பருப்பு, கீரை, அவரை, கத்தரி முதலியவற்றைக் கூடச் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். உண்டபின் சிறிது தூரம் நடத்தலும் நன்று.

எச்சரிக்கை.— மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் வைத்தியரைக் கேளாமல் திடீரென உணவைக் குறைத்தல் கூடாது. சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம்.

இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டாது கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். முப்பது வயது கடந்த குடியானவர்கள் ஆண்டுதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுமாறு கிராம அதிகாரிகள் தூண்டுவாராக. கொல்லையில் கிழங்குப் பாத்தி இடுவோர் அதன் அருகே ஒரு கீரைப்பாத்தியும் ஓர் அவரைப்பந்தலும் அமைத்தால், இலையில் சேர வேண்டியவை யாவும் வீட்டிலேயே கிடைக்கும்.