குடும்பத்தில் யாருக்கும் இல்லையே, எதற்கு மரபணுச் சோதனை?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. மூன்று வருடங்களுக்கு முன் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதே இடுப்பெலும்பில் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, கூடவே அபிராடெரோன் மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் 0.8-இல் நின்றிருந்த பிஎஸ்ஏ அளவு இப்போது 46. மரபணுச் சோதனை எடுக்கச் சொல்கிறார் டாக்டர். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் கிடையாது. தங்கைக்கு வரன் பார்க்கிறோம். ‘பரம்பரை வியாதி’ என்று பேர் வந்துவிடுமோ என அம்மா பயப்படுகிறார். சோதனை அவசியம்தானா?

— வாசகர், தென்காசி

பதில்: அவசியம்தான். நோய் பரவியிருக்கிறது என்று தெரிந்த அன்றே எடுத்திருக்கலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

‘எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை’ என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. அவர்களில் 11.8 சதவீதம் பேருக்கு, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணு ஒன்றில் பிறவியிலேயே கோளாறு. குடும்பத்தில் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தவர், இல்லாதவர் என்று பிரித்துப் பார்த்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதிகம் அகப்பட்டது பிஆர்சிஏ2. ‘மார்பகப் புற்றுநோய் மரபணு’ என்று அதற்குப் பேர் விழுந்துவிட்டதால், நமக்கு என்ன சம்பந்தம் என்று ஆண்கள் இருந்துவிடுகிறார்கள்.

டிஎன்ஏவை உங்கள் ஊர்க் குளத்துக்கரையாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கசிவை அடைக்க ஓர் ஆள். கரையே உடைந்தால் கட்ட இன்னோர் ஆள். பிஆர்சிஏ2 அந்த இரண்டாவது ஆள். சிலரது புற்றுச் செல்லில் அவர் ஏற்கெனவே இல்லை. கசிவை அடைப்பவரையும் ஓலாபாரிப் மாத்திரை முடக்கிவிடுகிறது. கசிவெல்லாம் உடைப்பாகி, கட்ட ஆளில்லாமல் செல் சாகிறது. நல்ல செல்லில் இரண்டாவது ஆள் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறது.

பலன் எவ்வளவு? உங்கள் அப்பாவைப் போல் ஹார்மோன் மாத்திரைக்கும் அடங்காமல் நோய் வளர்ந்தவர்களில், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம் மரபணுக்களில் கோளாறு இருந்தவர்களை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், ஓலாபாரிப் எடுத்தவர்களுக்கு நோய் 7.4 மாதம் அடங்கியிருந்தது. வேறொரு ஹார்மோன் மாத்திரைக்கு மாற்றியவர்களுக்கு 3.6 மாதம்தான். ஆயுள் 14.7 மாதத்திலிருந்து 19.1 ஆனது. இவை சராசரிக் கணக்குகள். பூரண குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிஆர்சிஏ2 என்றால் பலன் நன்றாக இருக்கும், ஏடிஎம் என்றால் அவ்வளவாக இல்லை. ரத்தசோகை வரலாம், மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். ஹார்மோன் ஊசியை நிறுத்தக் கூடாது. எதுவுமே அகப்படாவிட்டாலும் கீமோ இருக்கிறது, லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்துச் சிகிச்சை இருக்கிறது.

இனி அம்மாவின் பயம். சோதனை ஒன்றல்ல, இரண்டு. ரத்தத்திலோ எச்சிலிலோ எடுப்பது, பிறவிக் கோளாறைக் காட்டும். பயாப்சித் திசுவில் எடுப்பது, கட்டியில் இருப்பதைக் காட்டும். கட்டிக்குள் மட்டும் பிற்பாடு உண்டான கோளாறு பிள்ளைகளுக்கு வராது. ஆனால் அதற்கும் இதே மாத்திரை வேலை செய்யக்கூடும். எனவே இரண்டும் வேண்டும்.

ரத்தத்திலேயே இருந்தால், உங்களுக்கும் தங்கைக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தாலும் அது நோய் அல்ல, நோய் வரும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். தங்கை மார்பகத்தைச் சீக்கிரமே எம்ஆர்ஐயில் கண்காணிக்கலாம். நீங்கள் 40 வயதிலிருந்து பிஎஸ்ஏ பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் ரிப்போர்ட்டை நீட்டச் சொல்லவில்லை. தங்கையிடம் மறைக்காதீர்கள். சோதித்துக்கொள்வதா என்பது அவர் முடிவு. ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று ரிப்போர்ட் வந்தால், அதை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

கடைசியாக, ஒரு சின்ன வேலை. அப்பாவின் முதல் பயாப்சித் திசு, தீப்பெட்டியைவிடச் சிறிய மெழுகு பிளாக்காக அந்த மருத்துவமனையின் பேத்தாலஜி லேபில் இருக்கும். எழுதிக் கொடுத்து வாங்குங்கள். எலும்பில் மறுபடி ஊசி போட்டு எடுப்பது வலி. எடுத்தாலும் பல சமயம் சோதனைக்குத் தேறாது. பிளாக் பழசாகி உதவாமல் போனால், ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைப் பார்க்கும் வழி உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். வாங்கிய பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்; மெழுகு இளகிவிடும்.