வயலுக்குச் சத்து, கடலுக்குச் சுமை

அன்புள்ள கயல்,

பள்ளியில் மனோரா கோட்டைக்குக் கூட்டிப்போனதையும், அங்கே ஆவுளியா என்னும் கடற்பசு பற்றிச் சொன்னதையும் எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: "ஊர்ச் சாக்கடையை முழுக்கச் சுத்தம் பண்ணித்தான் கடலுக்கு விடணும்னு சட்டம் போட்டா என்ன பெரியப்பா?" சட்டம் போடலாம். போட்ட மறுமாதத்திலிருந்து நகராட்சிக்குக் கரண்ட் பில் வரும். இந்தக் கடிதம் அந்தப் பில்லைப் பற்றியது.

முதலில் கடல். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே ஆவுளியாவுக்கென்று ஒதுக்கிய முதல் இடம் அது. நெல்லுக்குப் பேர்போன தஞ்சாவூர் மாவட்டத்தில் இப்படி ஒரு மேய்ச்சல் நிலமும் இருப்பது நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது. வளர்ந்த ஆவுளியா நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல் மேயும். அந்தப் புல் ஆழமில்லாத, தெளிந்த தண்ணீரில்தான் முளைக்கும். அடிவரை வெயில் இறங்க வேண்டும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடுதலாக வந்து சேர்ந்தால் முதலில் கொழுப்பவை மிதக்கும் நுண்பாசிகளும் புல்லின் இலைமேல் படரும் பாசியும்தான். புல்லுக்கு வெயில் மறைந்துபோகும். பார்த்தால் தண்ணீர் சற்றுப் பச்சையாக இருக்கும், நாற்றம்கூட இருக்காது. அடியில் புல் செத்துக்கொண்டிருக்கும்.

இந்த நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? ஒரு மனிதரிடமிருந்து தினமும் ஏறக்குறைய 10 கிராம் வெளியேறுகிறது, பெரும்பங்கு சிறுநீரில். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் என்றால் நாளொன்றுக்கு ஒரு டன். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். மூட்டை 45 கிலோ. நீயே போட்டுப்பார்: தினமும் 48 மூட்டை யூரியாவுக்குச் சமமான சரக்கைச் சாக்கடையில் விடுகிறோம். உன் தாத்தா கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் இதை முழுக்கப் பிடிப்பதில்லை. கசடைப் படியவைக்கும், பிறகு தொட்டிக்குள் காற்றை ஊதி, அழுக்கைப் பாக்டீரியாவுக்குத் தின்னக் கொடுக்கும். காற்று ஊதும் மோட்டார்தான் மின்சாரச் செலவில் பெரும்பகுதியைத் தின்கிறது. அம்மோனியாவாக இருக்கும் ஒரு கிலோ நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ நாலரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். அத்தோடு விடாமல், காற்றில்லாத இன்னொரு தொட்டிக்கு அதைத் திருப்பிப் பம்ப் செய்தால்தான் நைட்ரஜன் வாயுவாகி வானத்துக்குப் போகும். வேடிக்கையைப் பார்: உரத் தொழிற்சாலை எரிவாயுவைச் செலவழித்துக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் மின்சாரத்தைச் செலவழித்து அதே நைட்ரஜனைக் காற்றுக்கு அனுப்புகிறது.

செலவு சட்டத்தையே வளைத்த கதையும் உண்டு. சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 2015-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் நைட்ரஜன் வரம்பே இல்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கடுமையான அளவுகளையே எல்லா நிலையங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. வரைவும் தீர்ப்பாயமும் ஒரே அளவை நாடு முழுக்கப் பொருத்தப் பார்த்தன. எனக்கு அங்கேதான் உடன்பாடில்லை.

திருப்பூரை எடுத்துக்கொள். சாயக்கழிவு நொய்யலில் ஓடி, பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அதில் சாயத்தோடு உப்பும் ஏராளம். அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் கெட்டது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சவ்வூடு வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் தனியாக்கும் முறை அதன்பிறகுதான் உறுதிப்பட்டது. கொள்ளைச் செலவு, ஆனாலும் வேறு வழியில்லை, ஏனென்றால் உப்பை எந்தப் பயிரும் தின்னாது. கடலுக்கு அந்த உப்பு பொருட்டே இல்லை, வயலுக்கு எமன். ஊர்ச் சாக்கடையின் நைட்ரஜன் இதற்கு நேர்மாறு. ஆகவே "எவ்வளவு சுத்தம்?" என்று கேட்பதற்கு முன்னால் "எதை எடுக்க வேண்டும், கீழே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும்.

உங்கள் பக்கம் கீழே இருப்பது தென்னை. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகள் 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்தது உனக்கும் மங்கலாக நினைவிருக்கும். மறுபடி வைத்த கன்றுகளுக்குத் தண்ணீரும் சத்தும் தேவை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். ஆற்றில் தண்ணீர் இல்லாத அந்த நாலரை மாதத்திலும் ஊர் குளிக்கிறது, துவைக்கிறது. அந்தத் தண்ணீரைக் குட்டைகளில் தேக்கி, வெயிலும் பாசியும் கிருமியைக் குறைத்தபின் தென்னைக்குப் பாய்ச்சினால், நைட்ரஜனை நீக்கக் கரண்ட் வேண்டாம். கீரைக்கும் காய்கறிக்கும் கூடாது. ஆலைக்கழிவு கலந்திருந்தால் எதற்குமே கூடாது.

இதிலும் இடைஞ்சல் உண்டு. குட்டைக்கு நிலம் வேண்டும். டெல்டாவில் நஞ்சையைக் கேட்டால் யார் தருவார்? அதைவிடப் பெரியது ஐப்பசி, கார்த்திகை. அடைமழையில் எந்தத் தோப்புக்கும் தண்ணீர் தேவைப்படாது, வாய்க்கால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு நேராகக் கடலில் சேர்க்கும். அந்த மாதங்களுக்காகக் கரையோர ஊர்களிலாவது நைட்ரஜன் நீக்கும் தொட்டி வேண்டும். அங்கே கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் 1979-ல் நகரத்து நிலையம் நைட்ரஜனை நீக்கத் தொடங்கியது. கடற்புல் 1950-களின் அளவுக்குத் திரும்ப முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. அதன்பிறகு மறுபடி குறையவும் செய்தது.

இன்னொன்று, நம் வீட்டு விஷயம். வயலில் போடும் யூரியாவில் பாதிக்கும் மேல் நெல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதி காற்றோடு, ஒரு பகுதி வடிகாலோடு. நகராட்சியை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வரப்பில் நின்றுகொள்ள முடியாது. நட்ட உடனே மொத்தமாக இறைக்காமல் பிரித்துப் போடு, மழை மேகம் பார்த்துப் போடு என்று உன் அப்பாவிடம் சொல். கடலுக்கு இதைவிட மலிவான சுத்திகரிப்பு கிடையாது. உரச்செலவும் குறையும்.

கையில் ஒரே ஒரு கோடி இருந்தால் எதற்குக் கொடுப்பேன் என்று கேட்பாய். செப்டிக் டேங்க் லாரி கொட்டும் இடத்துக்குத்தான். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் கக்கூஸ் கழிவு லாரியில்தான் பயணம் போகிறது. சாக்கடைத் தண்ணீரைவிட அது பல மடங்கு கெட்டி. இதற்கென்று தமிழ்நாட்டில் 2014-லேயே நெறிமுறை வந்துவிட்டது. கொட்டும் இடம் தூரமாக இருந்தால் டீசலை மிச்சம் பிடிக்க ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிடுவார்கள், அபராதம் போட்டாலும். பக்கத்திலேயே மணல் படுகையில் காயவைக்கும் நிலையம் இருந்தால் பெரிய மோட்டார் எதுவும் வேண்டாம், ஆளும் வெயிலும் போதும். உங்கள் தெருவுக்கு வரும் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது, ஒரு நடைக்கு என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா