உப்புக் காற்றில் உதிர்ந்த காந்தம்

நானாவின் உடைந்த ஹெட்போனைக் கழற்றியபோது இரண்டு காந்த வில்லைகள் கிடைத்தன. உம்மாவின் தையற்பெட்டி ஊசிகளை ஒரே இழுப்பில் அள்ளிக்கொண்டன. ஒன்றின் வெள்ளிநிறப் பூச்சைச் சுரண்டிவிட்டு, இரண்டையும் யன்னலோரம் வைத்தேன். தில்லையடியின் களப்புக் காற்று சும்மா விடுமா? பூச்சிழந்தது சில வாரங்களில் விரல்பட்டதும் தூளாக உதிர்ந்தது; மற்றது அப்படியே பளபளத்தது. இரும்பாணியென்றால் மேலேதான் துருப்பிடிக்கும். இது மட்டும் ஏன் உள்ளிருந்தே உடைந்தது?

இவ்வகைக் காந்தம் வெறும் இரும்பன்று. நியோடைமியம் 2, இரும்பு 14, போரன் 1 என்ற அணு விகிதமுள்ள சேர்வை. பித்தளையில் செம்பையும் நாகத்தையும் ஓரளவு கூட்டிக் குறைக்கலாம், அது கலப்புலோகம். இங்கோ ஒவ்வோர் அணுவுக்கும் சாலகத்தில் குறித்த இடமுண்டு. இத்தகையவையே இடையுலோகச் சேர்வைகள். இரும்பு வலிய காந்தத்தன்மையைத் தருகிறது. ஆனால் தனி இரும்பில் அதன் திசை எளிதில் மாறிவிடும். அருமண் மூலகமான நியோடைமியத்தின் உள்ளோட்டு இலத்திரன்கள் அத்திசையைப் பளிங்கின் ஓர் அச்சோடு கட்டிப்போடுகின்றன. ஜப்பானின் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவின் ஜோன் குரோட்டும் 1983இல் இதனைத் தனித்தனியே அறிவித்தனர்.

தூளை அழுத்திச் சூடாக்கியே இக்காந்தத்தைச் செய்கிறார்கள். அதன் மணிகளுக்கிடையே நியோடைமியம் மிகுந்த மெல்லிய படை உண்டு. ஈரமும் உப்பும் முதலில் அதைத்தான் அரிக்கும். அது போனால் மணிகள் பிரிந்துவிடும். நிக்கல் பூச்சு அழகுக்கல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சூடும் அதற்குப் பகை. ஏறத்தாழ 312 பாகை செல்சியஸில் காந்தத்தன்மை அற்றுப்போகும். சூடேறும் மோட்டார்களுக்கான காந்தங்களில் திஸ்புரோசியம் சேர்ப்பது இதனாலேயே.

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது இலந்தனம் 1, நிக்கல் 5 கொண்ட சேர்வை. பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல ஐதரசனைக் குடித்து, சற்றுச் சூடாக்கினால் திருப்பித் தந்துவிடும். மீள மின்னேற்றும் நிக்கல் கலங்களில் இவ்வினச் சேர்வைகள் உள்ளன. ஆனால் சேமிக்கும் ஐதரசன் நிறையில் 1.4 சதவீதமளவே, வாகனத்துக்குப் பெருஞ்சுமை.

இம்மூலகங்கள் நமக்குத் தூரமில்லை. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. சீரியம், இலந்தனம், நியோடைமியம் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. இரசாயன இயல்பில் உடன்பிறப்புகள்போல இருப்பதால் பிரிப்பது கடினம். தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சியில் இந்திய அரசு நிறுவனமொன்று மொனசைற்றைப் பிரித்தெடுக்கிறது. மணலை மணலாகவே விற்பதைவிட நாமும் அதைக் கற்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் மொனசைற்றிலுள்ள கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியத்தை எங்கே வைப்பது? அந்தக் கரையில் வலை இழுப்பவர்களிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அது.