கடனாளியின் கைக்கருவியைக் காப்பாற்று

அன்புத் தங்கைக்கு,

பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்துவிட்டாய் என்று அறிந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. கிள்ளானில் பல வருடங்களாகக் கடன் வழக்குகளைப் பார்த்துவருகிறவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

உன்னைத் தேடி வருகிறவர்களில் பலர் வங்கிக் கடிதங்களை உறை பிரிக்காமலே ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவருவார்கள். பயந்துபோய்ப் பிரிக்காமல் விட்டவர்கள் அவர்கள். அவர்களைத் திட்டாதே. நீயே பிரித்துத் தேதி வாரியாக அடுக்கு. ஆஜராகாததால் ஒருதலையாக வந்த தீர்ப்பு என்றால், அது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் ரத்து மனுப் போட வேண்டும். திவால் நோட்டீஸ் என்றால் 7 நாள்தான். எத்தனை நல்ல வாதம் இருந்தாலும் தேதி தப்பினால் கஷ்டம்.

அடுத்ததாக, எவ்வளவு கடன் என்று கேட்பதற்கு முன்னால், "எதை வைத்துப் பிழைக்கிறீர்கள்?" என்று கேள். தையல் மெஷினா, மோட்டார் சைக்கிளா, முடிதிருத்தும் கடையின் நாற்காலியா? அந்தப் பொருள் போய்விட்டால் சம்பாத்தியம் போகும். சம்பாத்தியம் போனால் கடன் கொடுத்தவருக்கும் ஒரு காசு திரும்பாது. நம் வேலையின் மையம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள். தீபாவளி நெருங்குகிறது, வாடகை பாக்கி நிற்கிறது. கட்டட உரிமையாளர் 1951-ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி நீதிமன்ற ஆணை வாங்கிக்கொண்டு பெய்லிஃபோடு வந்து நிற்கிறார். அந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவை மனப்பாடமாக வைத்துக்கொள். ஜப்தி செய்யும் நேரத்தில் ஒருவர் கையில் வேலையில் இருக்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. ஆக, கடை நடத்தும் அக்கா மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தால் அந்த மெஷினைத் தொட முடியாது. தைப்பதற்காக வாடிக்கையாளர்கள் கொடுத்துவிட்டுப் போன ரவிக்கைத் துணிகளையும் தொட முடியாது. குடும்பத்துக்கு அவசியமான உடுப்பும் படுக்கையும் அப்படியே. ஓரமாகச் சும்மா இருக்கும் இன்னொரு மெஷினுக்குப் பாதுகாப்பு குறைவு: பாக்கியை ஈடுகட்ட வேறு பொருள் போதுமானதாக இருந்தால் மட்டுமே அது தப்பும். இந்த முறையில் 12 மாத வாடகைக்கு மேல் கேட்கவும் முடியாது. இதையெல்லாம் அந்த அக்காவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசலில் நின்று நீதான் சொல்ல வேண்டும்.

வண்டி விஷயம் வேறு. வாடகைக் கொள்முதலில் வாங்கிய மோட்டார் சைக்கிளையோ காரையோ, தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகு, எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து 21 நாள் பொறுத்துத்தான் இழுத்துப் போக முடியும். முக்கால் பங்குக்கு மேல் கட்டியாகிவிட்டது என்றால் நீதிமன்ற ஆணை வேண்டும். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் சொல்வது இது. வண்டியை இழுக்க வருகிறவரிடம் பெர்மிட் இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்.

ஊழியர் சேமநிதியில் கிடக்கும் பணத்தைக் கடன் கொடுத்த எவரும் ஜப்தி செய்ய முடியாது. திவாலானாலும் அது தொழிலாளிக்கே உரியது. ஆனால் 2024 மே மாதம் முதல் மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்றாகிவிட்டது. "அதை எடுத்துக் கட்டுங்கள்" என்று வசூலிக்க வருகிறவர்கள் நெருக்குவார்கள். அவசரப்பட்டு எடுக்க விடாதே.

திவால் சட்டத்துக்கு வருகிறேன். ஒருவரைத் திவாலாக்கக் குறைந்தபட்சக் கடன் 30,000 ரிங்கிட்டாக இருந்தது. 2017-இல் அது 50,000 ஆனது, 2021-இல் ஒரு லட்சம் ஆனது. பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ தம்பியின் வீட்டுக் கடனுக்கோ லாப நோக்கமில்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்கக் கூடாது என்றும் 2017-இல் திருத்தினார்கள். நல்ல மாற்றங்கள். ஆனால் 48-ஆவது பிரிவைப் பார். திவாலானவர் வைத்துக்கொள்ளக்கூடிய தொழில் கருவிகள், குடும்பத்தின் உடுப்பு, படுக்கை எல்லாம் சேர்த்து 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போகக் கூடாது. இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700. மூன்று மாதச் சம்பளத்துக்குக்கூட இந்தத் தொகை ஈடாகாது. டெலிவரி ஓட்டும் பையனின் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இந்த வாசகம் 1883-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து வந்தது. அங்கே அன்றைக்கு வரம்பு 20 பவுண்ட். அந்த பிரிட்டனே 1986-இல் தொகை வரம்பை எடுத்துவிட்டு, தொழிலுக்கும் வீட்டுக்கும் அவசியமானது எது என்று பார்க்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மத்தியத் திவால் சட்டத்தில் விலக்குத் தொகையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கேற்ப உயர்த்துகிறார்கள். இந்தியாவின் 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் சமையல் பாத்திரங்களுக்கும், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகைகளுக்கும் விலக்குக் கொடுக்கிறது. தாலிக்கு அங்கே இடமிருக்கிறது. நம் 48-ஆவது பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை. கணவன் கடனாளி என்றால், நகை மனைவியின் சொந்தச் சொத்து என்று வாதிடு. மனைவியே கடனாளியாக வந்தால் என்ன சொல்வாய் என்று இப்போதே யோசித்து வை.

ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல். மாமியாரின் குளிர்சாதனப் பெட்டி, மகள் தன் சம்பளத்தில் வாங்கிய தொலைக்காட்சி என்று ஜப்திக்கு வருகிறவரிடம் வாயால் சொன்னால் போதாது. ரசீதோடு உடனே எழுத்து மூலம் உரிமை கோரினால்தான் நிற்கும். அதே சமயம், கடைசி நேரத்தில் அண்ணன் பெயருக்கு எழுதி வைக்கிறேன் என்பவருக்குத் துணைபோகாதே. அந்த மாற்றத்தைச் சட்டம் பின்னால் செல்லாததாக்கும். நேர்மையான கடனாளி என்ற பெயரும் கெடும். அந்தப் பெயரை வைத்துத்தான் நீ நீதிமன்றத்தில் தவணை கேட்க முடியும்.

ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரர்களிடம் மாட்டியவர்களும் வருவார்கள். லைசென்ஸ் இல்லாதவரின் கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றம் மூலம் அமலாக்க முடியாது; லைசென்ஸ் உள்ளவரும் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது. மிரட்டுவது குற்றம். உடன் போய்ப் போலீஸ் புகார் கொடுக்க வை. வங்கிக் கடன் என்றால் 2006 முதல் இலவசமாகக் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அமைப்புக்கு அனுப்பு. உன் கட்டணம் போனாலும் பரவாயில்லை.

தங்கையே, ஒவ்வொரு வழக்கிலும் எந்தப் பொருள் போனது, அதன் பிறகு அந்தக் குடும்பத்தின் வருமானம் என்ன ஆனது என்று பெயர் இல்லாமல் குறித்து வை. அந்த 5,000 ரிங்கிட் வரம்பை மாற்ற வேண்டும் என்று வழக்கறிஞர் மன்றத்திலும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் போய்க் கேட்க அந்தக் குறிப்புகள் வேண்டும். என் குறிப்புகளை நான் தருகிறேன். உன்னுடையதைச் சேர். இருவரும் சேர்ந்து கேட்போம்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து அண்ணன்