கழுத்தை வருத்தாத பைனாகுலர்

வேடந்தாங்கலில் பறவை பார்க்க எடை குறைந்த, சிறிய பைனாகுலர் வேண்டும். கண்ணாடி அணிபவள், கழுத்துவலியும் உண்டு. கடைக்காரர் 10×25 நல்லது என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

வேண்டாம் அம்மா, 8×32 கேளுங்கள். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. அடுத்தது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 10×25-க்கு 2.5, 8×32-க்கு 4. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். நடுப்பகலில் 2.5 போதும். ஆனால் பறவைகள் கூடு திரும்பும் அந்தி வேளையில் 4 இருந்தால்தான் சங்குவளை நாரையின் இளஞ்சிவப்பு இறகு பளிச்சென்று தெரியும். பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்காகும்.

8×32-இன் எடை அரைக் கிலோ அளவில் இருக்கும். கழுத்தில் மாட்டும் வாரைக் கழற்றிவிட்டு, முதுகில் குறுக்காகப் போடும் தோள்வார் வாங்கிக்கொள்ளுங்கள். பாரம் தோளுக்குப் போய்விடும், கழுத்து தப்பிக்கும். அதுவும் கனமாகத் தோன்றினால் 8×25 எடுங்கள். கைப்பையில் அடங்கும், பகலுக்குப் போதும்.

கண்ணாடி அணிபவர்கள் 'ஐ ரிலீஃப்', அதாவது முழுக் காட்சியும் தெரியக் கண்ணுக்கும் கண்பக்க லென்ஸுக்கும் இடையே இருக்கும் தூரம், 15 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும். கடையிலேயே, கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டு, கண்ணாடியோடு பாருங்கள். ஓரத்தில் கருநிழல் விழாமல் முழு வட்டமும் தெரிந்தால் அதுதான் உங்களுக்கானது. 'ஐம்பது மடங்கு ஜூம்' என்று யாராவது நீட்டினால், தயங்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!